ஓரம் இல்லாத ஏடு

பனையோலை ஏட்டின் அகலம் பெரும்பாலும் மூன்று விரல். தாராளமான ஏடு என்றால் நான்கு. அந்த மூன்று விரலுக்குள் ஆறேழு வரி கீறியிருப்பார்கள். மேல் வரிக்கும் ஏட்டின் விளிம்புக்கும் நடுவே எழுத்தாணி முனை வைக்க இடம் இராது. இடது கோடியில் மட்டும் கொஞ்சம் விட்டிருப்பார்கள். அதில் ஏட்டெண் இருக்கும். சில சமயம் நூலின் பெயரோ இயலின் பெயரோ சுருக்கமாக, வரிகளுக்குக் குறுக்கே நின்றபடி இருக்கும். கயிறு போகும் துளையைச் சுற்றிக் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெறுமை. மொத்தக் காலியிடமும் அவ்வளவுதான்.

சுவடிகளைக் காகிதத்தில் பெயர்த்தெழுதிப் பிழைக்கிறவன் நான். வெனிஸ் நகரத்து மார்சியானா நூலகத்தில் இருக்கும் பத்தாம் நூற்றாண்டு இலியட் சுவடியின் படத்தை ஒரு புத்தகத்தில் முதன்முதலாகப் பார்த்தபோது எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது. தோலில் எழுதியது. நடுவில் ஹோமரின் வரிகள். மேலே, கீழே, பக்கவாட்டில், வரிகளுக்கு இடையில்கூடப் பழைய கிரேக்கப் பண்டிதர்களின் குறிப்புகள். மூலம் எது, குறிப்பு எது என்று எழுத்துத் தெரியாதவன்கூடச் சொல்லிவிடலாம். நம் ஓலையில் அதற்கு வழியில்லை. அதனால் நம் உரைகாரர்கள் மூலத்தின் ஓரத்தில் ஒண்டுக்குடித்தனம் இருக்கவில்லை; தனி வீடு கட்டிக்கொண்டு, மூலத்தை அதற்குள் குடிவைத்தார்கள். தமிழில் பழைய நூல்கள் பல பிழைத்ததற்கும், பிழைத்தவை சில இடங்களில் உருமாறிப் போனதற்கும் இந்த ஏற்பாடே காரணம் என்பது என் எண்ணம்.

உரைச்சுவடியைக் கையில் எடுத்தால் முதலில் தலை சுற்றும். பாட்டும் உரையும் ஒரே ஓட்டம். பத்தி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது, மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஒற்றைக் கொம்பு குறிலுக்கும் அதுவே, நெடிலுக்கும் அதுவே. துணைக்காலும் ரகரமும் ஒரே உருவம் என்பதால் ‘கா’, ‘கர’, ‘கர்’ மூன்றும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும். எனக்கு ஏடு வாசிக்கக் கற்றுக்கொடுத்தவர் என் மாமனார். கண்ணாடியைக்கூடப் போடாமல் திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்வார்: “மாப்பிள்ளே, எழுத்துக் கூட்டி வாசிக்காதீங்க. வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே போங்க. ஓசை எங்க தட்டுதோ அங்க பாட்டு முடிஞ்சுது, உரை ஆரம்பிச்சுது.” இன்றுவரை எனக்குத் தெரிந்த முறை அதுதான். கண் ஏமாறும் இடத்தில் காது கண்டுபிடித்துவிடும். காதும் ஏமாறினால் உரையைப் பார்க்க வேண்டும். மூலத்தில் ஒரு சொல் மூன்று விதமாகப் படிக்கும்படி கிடக்கும். அடுத்த வரியில் உரைகாரர் அதற்குப் பொருள் சொல்லியிருப்பார். மூன்றில் இரண்டு தாமாகவே உதிர்ந்துவிடும்.

இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் உ.வே. சாமிநாதையர். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியார், ஐயர் படித்த அந்தாதிகளையும் கோவைகளையும் பிள்ளைத்தமிழ்களையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட கதை தமிழ் வாசகர்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததுதான் என் போன்றவர்களுக்கு முக்கியம். சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையை ஐயர் வாசிக்கிறார். உரைகாரர் தம் கருத்துக்குச் சான்றாக வரி வரியாக மேற்கோள் காட்டிக்கொண்டு போகிறார். பெரும்பாலும் எந்த நூல் என்று சொல்வதில்லை. பதினான்காம் நூற்றாண்டு மதுரையில் அவர் யாருக்காக எழுதினாரோ அவர்களுக்கு அது சொல்லாமலே விளங்கியிருக்கும். ஐநூறு வருஷம் கழித்து விளங்கவில்லை. பிறகு திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளுக்குள் எட்டுத்தொகை நூல்கள் அகப்பட்டபோது, சிந்தாமணி உரையில் பார்த்த வரிகள் அங்கே முழுப் பாட்டாக இருந்தன. எது எங்கிருந்து வந்தது என்பது அப்போதுதான் அவருக்குப் புலப்பட்டது. உரையின் மேற்கோள்கள் வழிகாட்டிப் பலகைகள் ஆகிவிட்டன.

சிந்தாமணி 1887இல் அச்சாயிற்று. இரண்டு வருஷம் கழித்துப் பத்துப்பாட்டு. அதற்குக் கிடைத்த ஏடுகளில் பாட்டுத் தனியாக இல்லாமல் உரையோடு கலந்து கிடந்தது. உரையிலிருந்து பாட்டை அடியடியாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. குறிஞ்சிப்பாட்டில் தலைவியும் தோழியும் பறித்துக் குவித்த பூக்களின் நீண்ட பட்டியல் ஒன்று வரும். 99 பூ என்பார்கள். அந்த இடத்தில் ஏடுகள் சிதைந்து சில பூக்களின் பெயர் இல்லாமலே இருந்தது. தருமபுரம் ஆதீனத்துச் சுவடி ஒன்றில்தான் அவை கிடைத்தன. பூப்பெயர்ப் பட்டியலுக்கு உரைகாரர் எவ்வளவு விளக்கம் எழுதிவிட முடியும்? அந்த இடத்தில் உரையால் உதவ முடியவில்லை; இன்னோர் ஏடு வேண்டியிருந்தது.

மூலமே போய், மேற்கோள் மட்டும் மிஞ்சியவையும் உண்டு. வளையாபதி, குண்டலகேசி, தகடூர் யாத்திரை என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோமே, இவற்றின் முழுச் சுவடியைப் பார்த்தவர் இப்போது எவரும் இல்லை. உரைகாரர்கள் எடுத்துக்காட்டிய செய்யுள்களும் புறத்திரட்டு என்ற தொகுப்பில் சேர்ந்தவையும்தான் கையில் இருக்கின்றன. மறுபக்கமும் இருக்கிறது. குறுந்தொகைக்குப் பேராசிரியர் உரை எழுதினார், அவர் விட்ட இருபது பாட்டுக்கு நச்சினார்க்கினியர் எழுதினார் என்று செய்தி உண்டு. இரண்டு உரையும் இல்லை. திருக்குறளுக்குப் பத்துப் பேர் உரை எழுதியதாகப் பழைய வெண்பா ஒன்று பட்டியல் போடுகிறது, கிடைத்திருப்பது ஐந்து. புறநானூற்றின் பழைய உரை 266ஆம் பாட்டோடு நின்றுவிடுகிறது. 1894ஆம் வருஷத்துப் பதிப்பைப் புரட்டினால், துணைக்கு வந்தவர் பாதி வழியில் காணாமல் போனதுபோல அந்த இடத்துக்குப் பிறகு நாம் தனியாக நடக்க வேண்டியிருக்கும்.

ஓரக்குறிப்பு என்று கண்டிப்பாகச் சொல்லத்தக்கது தமிழில் இல்லையா என்றால், ஒன்று இருக்கிறது. அது பாட்டின் பக்கத்தில் இராது, அடியில் இருக்கும். சங்கப் பாட்டு முடிந்ததும் இரண்டொரு சொற்றொடர்: திணை இன்னது, துறை இன்னது, இன்னாரை இன்னார் பாடியது, அகப்பாட்டு என்றால் யார் யாரிடம் சொன்னது. தொகுத்தவரோ பின்னால் வந்தவரோ சேர்த்த குறிப்பு அது. புலவர் பெயர் தெரியாத இடத்தில் பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்து அவருக்குப் பெயராக வைத்துவிட்டவர்களும் அவர்கள்தான். பரிபாடலில் இன்னும் ஒரு படி மேலே போய், பண் என்ன, இசை வகுத்தவர் யார் என்றும் எழுதியிருக்கிறார்கள். இசை வகுத்தவராக மருத்துவன் நல்லச்சுதனார் என்ற பெயரைப் பார்க்கும்போதெல்லாம், நாடி பிடித்த கையே யாழையும் தொட்டதோ என்று எனக்குத் தோன்றும்.

பதிற்றுப்பத்துதான் இதில் எல்லாவற்றையும்விட விசேஷம். பத்துப் பத்தில் முதலும் கடைசியும் தொலைந்துபோய் எட்டுப் பத்து மிஞ்சியது. ஒவ்வொரு பத்தின் முடிவிலும் ஒரு பதிகம் உண்டு. எந்தச் சேரன், அவன் பெற்றோர் யார், என்ன செய்தான், பாடியவர் யார், என்ன பரிசு கிடைத்தது, எத்தனை வருஷம் ஆண்டான் என்பதெல்லாம் அதில் வரும். கபிலருக்குச் செல்வக் கடுங்கோ வாழியாதன் நூறாயிரம் காணம் கொடுத்து, நன்றா என்னும் குன்றின்மேல் நின்று கண்ணுக்கு எட்டிய நிலத்தையும் கொடுத்தான் என்பது பதிகச் செய்தி. செங்குட்டுவன் 55 வருஷம், இமயவரம்பன் 58 வருஷம் என்ற கணக்கும் அதிலிருந்து வந்ததே. சேரர் வரலாறு எழுதிய ஒவ்வொருவரும் இந்த எண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். இந்தப் பதிகங்களோ மூலம் மட்டும் உள்ள ஏடுகளில் இல்லை. உரையோடு கூடிய ஏடுகளில்தான் இருக்கின்றன. உரை எழுதப்படாமலோ, உரைச்சுவடி செல்லுக்கு இரையாகியோ போயிருந்தால், சேர மன்னர்களின் ஆட்சியாண்டு என்று பாடப்புத்தகத்தில் எழுத ஒன்றும் இருந்திராது. பாட்டின் அடியில் யாரோ எழுதிவைத்த குறிப்பை நம்பி இவ்வளவு பெரிய கணக்கைப் போடலாமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் அதை ஒதுக்கிவிட்டு எதை வைத்துக் கணக்குப் போடுவது என்பதையும் அவர்களே சொல்ல வேண்டும்.

வைணவ ஆசாரியர்களின் வியாக்கியானங்களுக்கு வருவோம். சுவடி என்பது எவ்வளவு ஆபத்தான பண்டம் என்று தெரிந்துகொள்ள இவர்களின் பரம்பரைக் கதைகளைவிட நல்ல பாடம் கிடையாது. நஞ்சீயர் திருவாய்மொழிக்கு ஒன்பதினாயிரப்படி எழுதி முடித்து, நல்ல கையெழுத்தில் படியெடுத்துத் தரச் சொல்லி வரதராசர் என்பவரிடம் கொடுக்கிறார். அவர் காவிரியைக் கடக்கும்போது வெள்ளம் சுவடியைக் கொண்டுபோய்விட்டது. மனிதர் வீட்டுக்குப் போய், கேட்டதை நினைவிலிருந்தே எழுதி முடித்து, நடுநடுவே தமக்குத் தோன்றிய நுட்பங்களையும் சேர்த்துக் கொண்டுவந்து கொடுத்தார். வாசித்துப் பார்த்த நஞ்சீயர் விஷயம் அறிந்து கோபிக்கவில்லை. நம்பிள்ளை என்று பெயரிட்டு அணைத்துக்கொண்டாராம். பரம்பரை இதைப் பெருமையாகச் சொல்கிறது. பெயர்த்தெழுதும் தொழில்காரனாகிய எனக்கு இதில் கொஞ்சம் நடுக்கமும் உண்டு. ஆற்றோடு போன ஏட்டில் இருந்தது எது, கரையில் சேர்ந்தது எது என்று யாரால் பிரிக்க முடியும்?

அந்த நம்பிள்ளை பின்னாளில் திருவரங்கத்தில் திருவாய்மொழிக்குச் சொன்ன பொருளைச் சீடர் வடக்குத் திருவீதிப் பிள்ளை பகலில் கேட்டு இரவில் எழுதிவைத்தார். அதுதான் ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒற்று நீக்கி 32 எழுத்து ஒரு படி. அப்படிப் பார்த்தால் 11,52,000 எழுத்து. இரவில் விளக்கடியில் எழுத்தாணியால் கீறியது. தம்மைக் கேட்காமல் எழுதியதற்காக நம்பிள்ளை அந்தச் சுவடியை வாங்கி வைத்துக்கொண்டார். பிறகு ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் கொடுத்தார். அதிலிருந்து ஓர் ஆசாரியர், ஒரு சீடர் என்று ஓராண் வழியாகவே அது இறங்கி வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டில் மணவாள மாமுனிகள் திருவரங்கத்தில் நம்பெருமாள் முன்னிலையில் ஒரு வருஷம் அதை விரித்துச் சொன்ன பிறகுதான் ஊரறிந்த நூலாயிற்று. அதே மாமுனிகள் இன்னொன்றும் செய்தார். பெரியவாச்சான் பிள்ளை பெரியாழ்வார் திருமொழிக்கு எழுதிய வியாக்கியானத்தில் பெரும்பகுதி அழிந்துபோயிருந்தது. அழிந்த பகுதிக்கு மட்டும் தாம் எழுதி, பழைய ஏடு எந்த இடத்தில் தொடங்குகிறதோ அந்த இடத்தில் நிறுத்திக்கொண்டார். தமக்குத் தெரியும் என்பதற்காக மேலே ஒரு சொல் எழுதவில்லை. உரைகாரர்களில் எனக்கு மிகவும் பிடித்த ஒழுக்கம் இது.

எல்லாரும் அப்படி இருந்ததில்லை. நச்சினார்க்கினியரையே எடுத்துக்கொள்வோம். வைதிக மரபில் வந்த மதுரைக்காரர் சமணக் காப்பியத்துக்கு உரை எழுதியிருக்கிறார். முதலில் எழுதியதைச் சமணர் ஏற்கவில்லை. அதனால் சமண நூல்களைக் கற்றுத் திரும்ப எழுதினார் என்று ஒரு வரலாறு வழங்குகிறது. அந்த அக்கறைக்குத் தலை வணங்கத்தான் வேண்டும். ஆனால் பத்துப்பாட்டில் அவர் போக்கு வேறு. பாட்டின் தொடக்கத்தில் இருக்கும் சொல்லைக் கொண்டுபோய் முடிவில் இருக்கும் சொல்லோடு முடிபோடுவார். நடுவில் இருப்பதை முன்னால் தூக்கி வைப்பார். மாட்டு என்று அதற்கு இலக்கணமும் காட்டுவார். மறைமலையடிகள் 1903இல் முல்லைப்பாட்டுக்கு ஆராய்ச்சியுரை எழுதியபோது இந்தப் பழக்கத்தோடு நேருக்கு நேர் மோதினார். புலவன் எழுதிய வரிசையிலேயே பாட்டுக்குப் பொருள் சொல்லிக் காட்டினார். நான் அடிகள் கட்சி. ஆனால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை: மாட்டுப் போட்டுப் பாட்டைக் கலைத்தவரின் உரைக்குள்ளிருந்துதான், கலையாத பாட்டு நமக்குக் கிடைத்தது.

உரைகாரர்களுக்குள் சண்டையும் நிறைய. சேனாவரையர் தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கு எழுதும்போது இளம்பூரணரை மறுத்துக்கொண்டே போவார். அவர் காலத்தில் இளம்பூரணருக்கு ‘உரையாசிரியர்’ என்பதே பெயர். மரியாதையாக அந்தப் பெயரைச் சொல்லிவிட்டு அடுத்த மூச்சில் அவர் சொன்னது பொருந்தாது என்பார். மறுப்பதற்காகவாவது எதிராளி சொன்னதை எழுதிவைத்தார்களே, அதுவரை லாபம். பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் வேறு வழியில் போனார். நன்னூலுக்குச் சங்கர நமச்சிவாயர் எழுதிய உரையை எடுத்து, சேர்க்க வேண்டியதைச் சேர்த்து, நீக்க வேண்டியதை நீக்கி, இன்னொருவர் உரைக்குள்ளேயே தம் உரையைக் கலந்துவிட்டார். விருத்தியுரையில் எது அவர் கை, எது இவர் கை என்று பார்க்க இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். ஏட்டில் ஓரம் இருந்திருந்தால் முனிவரின் திருத்தம் ஓரத்திலேயே நின்றிருக்குமோ என்னவோ.

பெரியவர்களை விட்டுவிட்டு, கூலிக்கு எழுதியவர்களின் பக்கம் வருகிறேன். சுவடியின் கடைசி ஏட்டில் எழுதியவர் பெயர், தகப்பனார் பெயர், யாருக்காக எழுதினார், எழுதி முடித்த வருஷம், மாதம், தேதி, கிழமை, நட்சத்திரம் எல்லாம் இருக்கும். வருஷம் அறுபதாண்டுச் சுற்றில் இருப்பதால் இதில் ஒரு தொல்லை. பிலவ வருஷம் என்று மட்டும் இருந்தால் 1841ஆ, 1901ஆ என்று தெரியாது. கிழமையையும் நட்சத்திரத்தையும் பஞ்சாங்கத்தோடு ஒட்டிப் பார்க்க வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்து ஏடு என்றால் கொல்லம் ஆண்டும் சேர்த்துப் போட்டிருப்பார்கள். 825ஐக் கூட்டினால் ஏறக்குறைய வந்துவிடும். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள். ஏடு தொலைந்து யார் கையிலாவது அகப்பட்டால் உடையவரிடம் கொடுத்துவிடச் சொல்வார்கள். எழுத்து விட்டுப் போன இடத்தில் வரிக்கு மேலே ஒரு சிறு குறுக்குக் கோடு போட்டு, விட்டதை அடியிலோ முடியிலோ நுணுக்கியிருப்பார்கள். இந்தக் கையெழுத்துத் திருத்தங்களில்தான் ஓர் ஆள் மூச்சு விட்டது தெரியும்.

நூலகப் பட்டியல்களில் இதற்கெல்லாம் இடம் இல்லை. நூற்பெயர், ஆசிரியர், எத்தனை ஏடு, முழுமையா குறையா என்று கட்டங்கள் இருக்கும். ஏட்டைத் துடைத்து, எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிப் படமெடுக்கும் பையன்களும் முதல் ஏட்டையும் கடைசி ஏட்டையும் ‘வெற்றேடு’ என்று தள்ளிவிடுவது உண்டு. அவர்கள்மேல் தப்பில்லை. ஓலையில் கீறிய எழுத்து மை பூசாவிட்டால் கண்ணுக்கே தெரியாது. நூல் எழுதியவர் விளக்குக்கரி பூசித் துடைத்துவிட்டிருப்பார். பிற்பாடு ஏதோ கிறுக்கியவர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டிருக்க மாட்டார். அதனால் படமெடுப்பதற்கு முன்னால் வெற்றேட்டைச் சாய்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள், கீறல் இருந்தால் கரி பூசுங்கள் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு வைத்தியர் வீட்டுக் கட்டு. அகத்தியர் பேரில் உள்ள வாகட நூல். இப்படி நூறு கட்டுகள் இருக்கும். கடைசியில் ஒரு வெற்றேடு. கரியும் எண்ணெயும் குழைத்துத் தடவித் துணியால் ஒற்றி எடுத்தேன். வேறு கையெழுத்தில் நாலு வரி வந்தது: இன்னார் இன்னாரிடம் இத்தனை கலம் நெல் கடன் வாங்கியது, அறுப்புக்குத் தருவதாகச் சொன்னது, பக்கத்தில் ஒரு கஷாயத்துக்கான சரக்கு அளவு. வீட்டுப் பெரியவர் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். வாசித்துக் காட்டினேன்.

“நெல்லு குடுத்தது எங்க பாட்டனாருக்குப் பாட்டனார் பேருதான் தம்பி” என்றார். “திருப்பித் தந்துட்டான்னு கீழ எதும் போட்டிருக்கா?”

“போடலீங்க.”

“நல்லாப் பாருங்க. வாங்கினவன் வீடு இன்னும் கீழத்தெருவுலதான் இருக்கு.”